பன்னிரண்டு கிலோ பெட்டி: ஏர் ரைபிளோடு வெளிநாட்டுப் போட்டிக்குக் கிளம்புகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். மாங்கூழ் டிரம், கிரானைட் பலகை, புளி மூட்டை என்று எதுவானாலும் இருபத்தைந்து டன்னை இரண்டு போன் அழைப்பில் ஏற்றி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட என்னை, மகளின் ஏர் ரைபிள் இருந்த பன்னிரண்டு கிலோ பெட்டி ஒன்று பெங்களூரு விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் ஓரமாக நிற்க வைத்தது. காரணம் துப்பாக்கி இல்லை. காகிதத்தில் நான் எழுதிய ஓர் எண்.

மகள் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைபிள். ஜனவரியில் ஜெர்மனியின் முனிச் நகரத்தில் நடக்கும் திறந்த போட்டி ஒன்றுக்கு இரண்டு முறை போய்வந்தோம். முதல் முறை அவளுக்கு 17 வயது, பட்ட பாடு சொல்லி மாளாது. இரண்டாம் முறை அதே வழி, அதே பெட்டி, ஒரு சிக்கலும் இல்லை. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்திய அணியில் இடம் கிடைத்துப் போகிறவர்களுக்குப் பாதி வேலையை ரைபிள் சங்கமே பார்த்துவிடும். சொந்தச் செலவில், அப்பாவோ அம்மாவோ துணைக்கு வர, திறந்த போட்டிக்குப் போகும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதைத்தான் தலைகீழாகச் செய்தேன். மலிவாக டிக்கெட் கிடைத்தது என்று முதலில் டிக்கெட் எடுத்தேன். பிறகுதான் அந்த விமானம் வளைகுடா நாடு ஒன்றில் மாறிப் போகிறது, அங்கே பெட்டி விமானத்துக்கு விமானம் கைமாறுவதற்கும் தனி அனுமதி வேண்டும் என்று தெரிந்தது. டிக்கெட்டை ரத்து செய்ததில் போன பணத்துக்கு ஓசூரிலிருந்து ஒரு லோடே அனுப்பியிருக்கலாம். சரியான வரிசை இது: மாநிலச் சங்கம் வழியாக இந்தியத் தேசிய ரைபிள் சங்கத்தின் அனுமதிக் கடிதம், அதை வைத்துப் போட்டி நடத்துகிறவர்களின் அழைப்புக் கடிதம், பிறகு விமான நிறுவனத்திடம் துப்பாக்கி ஏற்றுவதற்கான எழுத்துபூர்வ சம்மதம், அதற்குப் பிறகு டிக்கெட், கடைசியில் விசா. நான்கு மாதம் முன்னால் தொடங்கினால் மூச்சு வாங்காமல் முடியும்.

பெங்களூருவிலிருந்து ஜெர்மனிக்கு எங்கும் இறங்காத விமானம் இருக்கிறது. டிக்கெட் விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஒவ்வொரு இடைநிறுத்தமும் இன்னொரு சட்டம், இன்னொரு அதிகாரி, பெட்டி தவறிப்போக இன்னொரு வாய்ப்பு. லாரியில் நடுவழியில் லோடு மாற்றினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏமாந்தேன்.

பெயரில் தொடங்கும் தொல்லை

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு: இன்ஷியல். மகளுக்கு நான்கு இடத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல் பெயருக்கு முன்னால். சங்க அடையாள அட்டையில் இன்ஷியல் பின்னால். பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராகிவிட்டது. போட்டிக்கான விண்ணப்பத்தில் அவளே ஆர்வமாக இன்ஷியலை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். வெளிநாட்டுக்காரரின் கண்ணுக்கு இவர்கள் நான்கு பேர். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே மற்ற எல்லாவற்றிலும் எழுதுங்கள். சங்க அட்டையையும் முன்கூட்டியே திருத்தி வாங்கிவிடுங்கள். அதற்கும் சில வாரங்கள் ஆகும்.

பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்கோ 18 வயது வரைக்கோதான் செல்லும். 15 வயது முடிந்திருந்தால் 10 ஆண்டு பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) போகிறவர்கள், அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் குறைந்தது மூன்று மாதம் உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கங்கள் வெற்றாக இருக்க வேண்டும்.

விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக்கூடாது. வழக்கமாக 15 நாளில் முடிவு தெரியும் என்றாலும் 45 நாள் வரை இழுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. விரல் ரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் வரை அதையே பயன்படுத்துவார்கள், அதனால் இரண்டாம் முறை அந்த வேலை மிச்சம். நமக்கு ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. ஆனால் நம் முகவரி தமிழ்நாடு. எந்த ஊர் மையத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்பதைத் தூரம் பார்த்து முடிவு செய்யாமல், அந்த நாட்டுத் தூதரகம் சொல்வதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நாங்கள் 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குத்தான் போனோம்.

18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதமும் பள்ளியின் விடுப்புக் கடிதமும் வேண்டும். “துப்பாக்கிச் சுடும் போட்டிக்கா?” என்று தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே ஏர் ரைபிளில் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர் என்று மகள் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார்.

எண்

இனி என்னை நிற்க வைத்த எண்ணின் கதை.

போட்டி நடத்துகிறவர்கள் ஒரு படிவம் அனுப்புவார்கள். துப்பாக்கியின் தயாரிப்பு, மாடல், 4.5 மில்லிமீட்டர் என்ற அளவு, தொடர் எண், பாஸ்போர்ட் எண், விமான எண். அதை வைத்துத்தான் அழைப்புக் கடிதம் அச்சாகும். அதே விவரத்தைத்தான் விமான நிறுவனமும் கேட்கும். நான் அந்தப் படிவத்தை ஆபீஸில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்பினேன். ரைபிளில் காற்று அடைக்கும் சிலிண்டரில் பளிச்சென்று ஓர் எண் பொறித்திருந்தது. அதை எழுதினேன். அது சிலிண்டரின் எண். ரைபிளின் எண் குழாய்க்குப் பின்னால், பொடி எழுத்தில், எண்ணெய் படிந்து கிடந்தது.

விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி டார்ச் அடித்தார். “இது அந்தத் துப்பாக்கி இல்லையே” என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. லாரிச் சரக்கோடு போகும் இ-வே பில்லில் வண்டி எண்ணின் கடைசி இலக்கம் மாறியிருந்தால் சோதனைச் சாவடியில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. எத்தனை டிரைவர்களை இதற்காகத் திட்டியிருப்பேன்!

அன்று எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, ரைபிள் வாங்கிய பில். அதில் ரைபிள் எண்ணும் சிலிண்டர் எண்ணும் தனித்தனியாக இருந்தன, மகள் அதைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்திருந்தாள். இன்னொன்று கடிகாரம். நமக்கு இரவு 11 மணி என்றால் குளிர்காலத்தில் ஜெர்மனியில் மாலை 6.30. போட்டி அலுவலகத்தில் ஆள் இருந்தார். மகள் போன் செய்து விஷயத்தைச் சொல்ல, நாற்பது நிமிடத்தில் திருத்திய கடிதம் மின்னஞ்சலில் வந்தது. இதுவே அவர்களுக்கு நள்ளிரவாக இருந்திருந்தால் நாங்கள் அத்திப்பள்ளி வழியாக வீடு திரும்பியிருப்போம்.

ஆகவே படிவம் நிரப்பும்போது ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் எழுதுங்கள். பிறகு ஆளை மாற்றி இன்னொரு முறை. சுழியமா, ஆங்கில ‘ஓ’வா என்று சந்தேகம் வந்தால் பில்லைப் பாருங்கள். ரைபிள் எண் தெரியும்படி ஒரு படம், சிலிண்டர் எண்ணும் தேதியும் தெரியும்படி ஒரு படம், பெட்டி முழுவதும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு கைப்பையில் இருக்க வேண்டும். முதல் முறை நான் அதைச் சூட்கேஸில் வைத்துச் சூட்கேஸை உள்ளே அனுப்பிவிட்டேன். அதைப் பற்றி மனைவி இன்றும் பேசுகிறார்.

‘லைசென்ஸ் எங்கே?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழாய் அளவு 0.177 அங்குலத்துக்கு மிகாத, சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாத ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிளின் ஆற்றல் அதில் பாதியைக்கூடத் தொடாது. ஆனால் நடுராத்திரியில் வரிசையில் நின்றுகொண்டு சட்டம் பேசினால் எடுபடாது. அந்த விதியின் பக்கத்தையும், துப்பாக்கியின் விவரக் குறிப்பையும், சங்கக் கடிதத்தையும் ஒன்றாகப் பின் அடித்து நீட்டுங்கள். காகிதம் பேசட்டும், நீங்கள் சும்மா இருங்கள்.

தோட்டா போட்டுச் சுடும் 0.22 துப்பாக்கிக்காரர்களின் கதை வேறு. உரிமத்தின் அசல் வேண்டும். தோட்டா ஒருவருக்கு மொத்தம் 5 கிலோவுக்கு மேல் கூடாது, தனியாகப் பாதுகாப்பான பெட்டியில் இருக்க வேண்டும், இருவர் பங்கைச் சேர்த்து ஒரே பெட்டியில் போடவும் கூடாது. அவர்கள் தங்கள் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இருநூறு பார்

ஏர் ரைபிளின் உயிர் அதன் சிலிண்டர். நிரப்பினால் 200 பார் அழுத்தம். லாரி டயரில் நாங்கள் பிடிக்கும் காற்று எட்டு பார் சொச்சம்தான், அது வெடித்தே ஆள் போயிருக்கிறான். இருபத்தைந்து மடங்கு அழுத்தத்தை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். சிலிண்டரைக் காலி செய்து, ரைபிளிலிருந்து கழற்றி, முள் சுழியத்தில் நிற்பதைக் காட்ட வேண்டும். வால்வு திறந்திருக்க வேண்டுமா, கழற்றி வைத்தால் போதுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு வையுங்கள்.

காலி செய்வதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ரைபிளோடு வந்த காற்று வெளியேற்றும் திருகை மட்டுமே பயன்படுத்துங்கள், ஆணி, ஸ்குரூ டிரைவர் வைத்துக் குத்தும் வேலையே வேண்டாம். முதல் முறை மகள் ஆர்வத்தில் திருகை ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டாள். முற்றத்தில் கிளம்பிய சீறலைக் கேட்டு, குக்கர்தான் வெடிக்கப் போகிறது என்று என் அம்மா சமையலறைக்கு ஓடிக் கேஸை அணைத்தார். சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ் கட்டி போலக் குளிர்ந்து, மேலே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. காற்று வேகமாக விரிந்து வெளியேறினால் குளிரும். அந்தக் குளிரில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் விறைத்துக் கசிய ஆரம்பிக்கும். அதனால் கால் திருப்பு, பொறுமை, மறுபடி கால் திருப்பு. பத்து நிமிடம் ஆகட்டும். காதுக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

காலி செய்துவிட்டால் நம் ஊரில் திரும்ப நிரப்ப வழியில்லை. பஞ்சர் கடை கம்ப்ரசர் இதற்குப் பக்கத்தில்கூட வராது. எனவே கடைசிப் பயிற்சியை முடித்துக்கொண்டு, கிளம்பும் நாள் காலையில் காலி செய்யுங்கள். சிலிண்டரின் மேல் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். தயாரித்துப் பத்து வருடம் தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் அழத்தான் முடியும்.

போட்டி நடக்கும் இடத்தில் நிரப்பித் தருவார்கள். ஆனால் நிரப்பும் குழாய்க்கும் உங்கள் சிலிண்டருக்கும் நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும், ஒவ்வொரு நிறுவனத்தின் மரையும் ஒவ்வொரு மாதிரி. எங்களுடையது கிருஷ்ணகிரியில் டிவிக்குக் கீழே ஷோகேஸில் பத்திரமாக இருந்தது. போலந்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் தன்னுடையதைக் கொடுத்தார். நன்றிக்குப் பதிலாக நான் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை அவர் என்ன செய்தார் என்று தெரியாது. இப்போது அடாப்டரைப் பெட்டியின் கைப்பிடியிலேயே கம்பியால் கட்டி வைத்திருக்கிறோம். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போதுதான் அவிழ்த்து உள்ளே வைப்போம்.

பெட்டியில் என்ன, கையில் என்ன

கடினமான பெட்டி, இரண்டு பூட்டு, சாவி உங்கள் சட்டைப்பையில். குழாய்க்குள் பாதுகாப்புக் கொடி போட்டிருக்க வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அதுதான் கண்ணுக்குத் தெரியும் அத்தாட்சி. ரைபிள் பெட்டிக்குள் ரைபிளுக்கு உரியதைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். இடம் இருக்கிறதே என்று முறுக்கு டப்பாவைச் செருகினால், எக்ஸ்ரேயில் அதுவும் சந்தேகப் பொருள்தான். பூட்டுவதற்கு முன் எடைமேடையில் ஒருமுறை எடை பாருங்கள். பெட்டி நீளமாக இருப்பதால் எடை கூடாவிட்டாலும் பெரிய பொருளுக்கான தனிக் கட்டணம் விழும். அதையும் முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் கவுன்ட்டரில் முகம் சிவக்காது.

ஏர் ரைபிளில் போட்டுச் சுடும் சின்ன ஈயத் துண்டுதான் பெல்லட். ஒரு டப்பாவில் 500 இருக்கும், ஒன்று அரை கிராம் சொச்சம். போட்டிக்கு 60, அதற்கு முன் சோதனைக்கு எத்தனை வேண்டுமானாலும், பயிற்சிக்குத் தனி. ஆகவே நான்கு டப்பா, ஒரு கிலோவுக்கு மேல் ஈயம். ரைபிளுக்குப் பொருந்தும் பெல்லட் தொகுதியைத் தேடிப் பிடித்து வைத்திருப்பார்கள் பிள்ளைகள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். உள்ளே போகும் சூட்கேஸில் வையுங்கள். எக்ஸ்ரேயில் ஈயம் கறுப்புக் கட்டியாகத் தெரியும், திறந்து காட்டச் சொன்னால் பதறாதீர்கள்.

இன்னொரு விஷயம், சிரிக்காதீர்கள். பெல்லட்டை நாம் வீட்டில் ‘குண்டு’ என்றுதான் சொல்வோம். விமான நிலைய வரிசையில் என் மைத்துனர் மகன், வழியனுப்ப வந்தவன், வெளியே நின்றுகொண்டு உரக்கக் கேட்டான்: “அக்கா, குண்டு டப்பாவை எடுத்துக்கொண்டாயா?” தமிழ் தெரிந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. தமிழில் தோட்டாவுக்கும் வெடிகுண்டுக்கும் ஒரே சொல். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து பெல்லட் என்றே சொல்லுங்கள்.

கையோடு எடுத்துப் போவது சுடும் கோட்டும் காலணியும் கையுறையும். கோட்டு விறைப்பான கேன்வாஸ், மடங்காது, கைப்பையில் பாதியை அடைத்துக்கொள்ளும். இருந்தாலும் கையில்தான். ஏனென்றால் ரைபிள் வந்து சேராவிட்டால் யாரிடமாவது கடன் வாங்கிச் சுடலாம். கோட்டு அவளவள் உடம்புக்குத் தைத்தது. ஆனால் கைப்பையில் துப்பாக்கியின் சின்ன உறுப்புகூட இருக்கக்கூடாது. குறி பார்க்கும் பாகம், திருகு சாவிகள், எல்லாம் பெட்டிக்குள்.

கோட்டின் பைகளை மறக்காதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு திண்ணையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, கோட்டையும் பயிற்சிப் பையையும் தலைகீழாகப் பிடித்து உதறினோம். சுத்தமாக இருக்கிறது என்று மகள் சத்தியம் செய்திருந்தாள். டக், டக், டக் என்று பதினோரு பெல்லட்கள் விழுந்தன. கூடவே ஒரு ஹேர்பின், வாடிய கொய்யா இலை. பையின் அடித் தையலைக் கிள்ளிப் பார்த்ததில் பன்னிரண்டாவதும் வந்தது. 0.22 சுடுகிறவர்கள் இதை இருமுறை செய்ய வேண்டும். கைப்பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக ஆயுதச் சட்டத்தில் வழக்கு வாங்கியவர்கள் நம் நாட்டில் உண்டு.

மின் விசை உள்ள துப்பாக்கி என்றால் உபரி பேட்டரியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உதிரி உறுப்புகளைப் பெட்டியில் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள். 2021இல் டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டல் போட்டி நடுவில் பழுதாகி நேரம் போனது. இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். அவருக்கே அந்த நிலை.

சாலையும் கவுன்ட்டரும்

நம் ஊரிலிருந்து விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குப் போகப் பெங்களூரு நகரத்துக்குள் நுழைய வேண்டாம். அத்திப்பள்ளி தாண்டிச் சர்ஜாபூர், ஹொஸ்கோட்டை வழியாகப் போங்கள். எங்கள் டிரைவர்கள் நகரத்துக்குள் லாரிக்கு இருக்கும் பகல் தடைக்குப் பயந்து பழகிய பாதை இது. ஜனவரியில் பனிமூட்டம் இருக்கும். விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னால் இரண்டாவது முனையத்தில் நில்லுங்கள். இயந்திரத்தில் செக் இன் செய்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், துப்பாக்கிக்கு மனிதர்தான் வேண்டும்.

கவுன்ட்டரில் இருப்பவருக்கு நீங்கள் அந்த மாதத்தில் வந்த முதல் துப்பாக்கிக்காரராக இருக்கலாம். முதல் முறை, “போனில் சம்மதம் சொன்னார்கள்” என்றேன். “எங்கள் பதிவில் இல்லையே” என்று பதில் வந்தது. போனில் கேட்ட சம்மதம் சம்மதமே இல்லை. இரண்டாம் முறை, மின்னஞ்சலின் அச்சுப் பிரதியை வைத்ததும் மேலதிகாரியை அழைத்தார்கள், அரை மணியில் முடிந்தது.

பெட்டியை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் சுங்க அதிகாரியிடம் காட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். ரைபிள் இங்கிருந்துதான் போனது, அங்கே வாங்கியதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இல்லாவிட்டால் திரும்பும்போது சுங்கவரி கட்டு என்றால் பதில் சொல்ல முடியாது. பெட்டி உள்ளே போன பிறகு சுங்கத்திடம் போனால், அதிகாரி எதைப் பார்த்து எழுதுவார்? கவுன்ட்டரிலேயே கேளுங்கள், ஆளை வரவழைப்பார்கள். சான்றிதழில் எழுதிய எண்ணை அங்கேயே நின்று சரிபாருங்கள். எண் விஷயத்தில் நான் இனி யாரையும் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து.

இறங்கிய பிறகு

சாதாரணப் பெட்டிகள் வரும் பெல்ட்டில் ரைபிள் வராது. நாங்கள் ஒரு மணி நேரம் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பெரிய பொருள்கள் வரும் தனி வாசலில் அது எங்களுக்காக முன்பே வந்து காத்திருந்தது. எடுத்துக்கொண்டு சிவப்பு வழியில் போய்ச் சுங்கத்திடம் காட்டுங்கள், பச்சை வழியைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். ஜெர்மனியில் 7.5 ஜூலுக்கு மிகாத ஏர் துப்பாக்கிகளில் ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ என்ற எழுத்து பொறித்திருக்கும். உங்கள் ரைபிளில் அது இருந்தால் முதலிலேயே காட்டிவிடுங்கள், பேச்சு குறையும். ஏர் துப்பாக்கியானாலும் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் இருப்பதில் கண்டிப்பான நாடு அது. பெட்டியைத் தூக்குகிறவரும், கடிதத்தில் பொறுப்பாளராகப் பெயர் இருப்பவரும் பெரியவராக இருக்கட்டும்.

முனிச்சில் சுடும் மைதானம் நகரத்துக்கு வடக்கே கார்ஹிங் ஹோக்புரூக்கில் இருக்கிறது, 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. யு6 பாதாள ரயில் அங்கே போகும். பூட்டிய பெட்டியோடு ரயிலில் போனோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ வாத்தியக் கருவி என்று நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரிசி, பருப்புப்பொடி, சின்னக் குக்கர், சமையலறை உள்ள தங்குமிடம். ஐரோப்பாவுக்குள் பால் பொருள் கொண்டுபோகக் கூடாது என்பதால் நெய்யும் மைசூர்பாகும் வீட்டில் நின்றன. பழத்திலும் அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன் நீங்கலாக மற்றவற்றுக்குத் தாவரநலச் சான்று வேண்டும். 2014இல் பழ ஈயைக் காரணம் காட்டி இந்திய மாம்பழத்துக்கே ஐரோப்பா கதவை மூடியது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்கவில்லை. ஜனவரியில் மாம்பழம் இல்லை என்பதால் அம்மாவிடம் வாக்குவாதம் தவிர்ந்தது. மாங்காய் வற்றலைக் கொடுத்தனுப்பப் பார்த்தார், அதையும் எடுத்து வெளியே வைத்தேன்.

போட்டிக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் போய்விடுங்கள். நாலரை மணி நேர வித்தியாசம் உடம்புக்கு ஏறவேண்டும், அது ஒரு காரணம். குளிர் இன்னொரு காரணம். கோட்டின் துணி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாக இருக்கக்கூடாது, விறைப்புக்கும் அளவு உண்டு, கருவி வைத்து அளப்பார்கள். சுட்டு முடித்த பிறகும் திடீரென்று அழைத்துச் சோதிப்பார்கள். குளிரில் கிடந்த கோட்டு கூடுதலாக விறைக்கும். ராத்திரி அதை அறைக்குள்ளேயே தொங்கவிடுங்கள், வண்டியில் போட்டுவைக்காதீர்கள்.

பெட்டிக்கும் அதே பத்தியம் வேண்டும். உறைகுளிரிலிருந்து சூடான கூடத்துக்குள் கொண்டுவந்த உடனே பெட்டியைத் திறந்தால், மண்பானைக்கு வியர்ப்பதுபோல் ரைபிள் முழுவதும் நீர் பூத்துவிடும். குறி பார்க்கும் கண்ணாடி மங்கும், இரும்பில் துரு ஏறும். மூடியபடியே ஒரு மணி நேரமாவது அப்படியே விடுங்கள். மகள் அந்த ஒரு மணி நேரம் பெட்டியின் மேல் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது இதே சடங்குகள் எல்லாம் தலைகீழ் வரிசையில். சிலிண்டரை மறுபடி காலி செய்ய வேண்டும். போட்டி முடிந்த களைப்பில் இதைத்தான் மறப்பார்கள். அங்கே வாங்கிய உறுப்புகளுக்கு பில்லைத் தனி உறையில் வையுங்கள். பெங்களூருவில் இறங்கியதும் சுங்கத்திடம் ஏற்றுமதிச் சான்றிதழை நீட்டினோம். அதிகாரி பெட்டியைத் திறந்து, எண்ணைப் பார்த்து, தலையாட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

சூளகிரியில் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தோம். விமானத்தின் அடிவயிற்றில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து வந்த பெட்டி. “திறந்து காட்டு, எப்படிப் போனதோ அப்படியே வந்ததா பார்ப்போம்” என்று அம்மா தவித்தார். “நாளைக்குத்தான் ஆயா” என்று சொல்லிவிட்டு, மகள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூங்கப் போனாள்.